பொருமல்

நான்கு கற்கள்.
மூத்திரப் பரிசோதனைக் குப்பியில் போட்டு
மூடிமேல் என் பெயர் எழுதித் தந்தார்கள்:
எதுவிகிஸ் கார்க்கமோ, வயது ஐம்பத்திரண்டு.
காய்ந்த பட்டாணி நிறம்.
இளையவன் ரொசெந்தோ காதருகே வைத்துக் குலுக்கி
"இவ்வளவுதானா அம்மா" என்றான்.
இவ்வளவுதான்.
இதற்குத்தான் இரண்டு வருடம்
சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

முதல் மூன்று நாள் தோள்பட்டை வலித்தது.
வயிற்றில்தானே கத்தி வைத்தீர்கள் என்றேன்.
உள்ளே ஊதிய காற்று
மேலே ஏறி வழி தேடுகிறது என்றாள் செவிலி.
அது விருந்தாளிக் காற்று,
தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுக் கிளம்பிவிட்டது.

அடுத்து வந்ததுதான் குடியேறிவிட்டது.

காலையில் நான் எல்லோரையும் போல.
பதினொன்றுக்குச் சீருடையின் பட்டன் திணறும்.
மதியம் கழற்றிவிட்டு ஊக்கு.
சாயங்காலம்
பட்டன் துளையில் கோத்த ரப்பர் வளையம்.
ஏப்பம் பாதித் தொண்டைவரை வந்து
எதையோ மறந்ததுபோல் திரும்பிப் போகும்.

ஆங்கூதில் டாக்டர் ஒயார்சோ
தாளில் ஒரு பை வரைந்தார்,
அதன்மேல் கோடு கிழித்தார்.
"பை இல்லை. பித்தம் இருக்கும்.
உடம்புக்குப் பழகக் கொஞ்ச நாள் கொடுங்கள்."
கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன்.
தோளைக் குலுக்கினார், நல்ல மனிதர்.

எனக்கு என் வேலையில் வைத்துத்தான் எதுவும் புரியும்.
பார்குவா துறையில்
லாரிகள் காத்து நிற்க ஒரு முற்றம் உண்டு.
படகு வந்து வாய் திறந்த பிறகே
கைகாட்டி உள்ளே விடுவேன்.
என்னுள் இருந்த அந்த முற்றத்தை
எடுத்துவிட்டார்கள்.
இனி இராப்பகலாய், ஒவ்வொன்றாய்,
படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும்
லாரி இறங்கிக்கொண்டே இருக்கும்.

சால்மன் மீன் ஏற்றிவந்த சொஃபனோர்
தன் இருக்கையைக் காட்டி
"உட்காருங்கள், எத்தனையாவது மாதம்?" என்றான்.
ஐந்தாவது வாரம் என்றேன். பொய் இல்லை.
"ஆணா பெண்ணா?"
காற்று.
சிரித்தான், புரியாதவர்கள் சிரிப்பதுபோல.
நான் உட்கார்ந்துகொண்டேன்.
கால்வாயைக் கடக்க அரைமணி நேரம்,
எதற்கு வீணாக்க?

பிறகு அந்த ஞாயிறு.
அவித்த கேரட், ஓட்ஸ் கஞ்சி, தோலுரித்த கோழி,
மறுபடி அவித்த கேரட்.
நொல்பெர்தோ உருளைக்கிழங்கைத் துருவி
பன்றிக் கொழுப்பைப் பொதிந்து
மில்காவோ சுட்டுக்கொண்டிருந்தான்.
எனக்கு வேண்டுமா என்று அவன் கேட்கவில்லை.
தட்டை என் பக்கம் கொஞ்சம் நகர்த்திவிட்டு
அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான்.
ஒன்றரை தின்றேன்.
அந்த அரையைப் பற்றித்தான் இன்றும் வருத்தம்,
முழுதாய்த் தின்றிருக்கலாம்.

இரவு ஒரு மணிக்கு வயிறு மத்தளம்.
இரண்டுக்கு விலாவின் கீழ் யாரோ
சாமான்களை இடம் மாற்றினார்கள்.
நொல்பெர்தோ எழுந்து போல்தோ இலை கொதிக்கவைத்தான்.
பிறகு என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு
சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடந்தான்,
முதுகைத் தட்டியபடி,
குழந்தைக்குத் தட்டுவதுபோல.

கைக்குழந்தை ரொசெந்தோ
வயிறு உப்பி வீறிட்ட அந்தக் குளிர்காலத்தில்
இதே மேசையை நான் தனியாகச் சுற்றினேன்.
இவன் மீன்பிடிக் கப்பலில், தெற்கே எங்கோ.
இருபத்திரண்டு வருடம் அதைச் சொல்லிப் பொருமியிருக்கிறேன்.
இன்றிரவு
சொல்ல வாய் திறந்தேன்.

அதற்குள் அது வந்துவிட்டது.
கீழ்வழியாக.
நீளமாக.
நாய் எழுந்து கதவைப் பார்த்தது.
நொல்பெர்தோ நின்றான். யோசித்தான்.
"மூடுபனி. கப்பல் ஊதுகிறது" என்றான்.
நான்கு தையலையும் இரண்டு கையால் பொத்திக்கொண்டு
வலிக்க வலிக்கச் சிரித்தேன்.
சொல்ல வந்தது எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

கற்கள் ஜன்னலோரம் இருக்கின்றன.
வீசி எறி என்கிறாள் பக்கத்துவீட்டு ஓர்தென்சியா.
பார்க்கலாம்.

ஆறு மணிப் படகு வந்து வாய் திறக்கிறது.
மழை. வரிசை நீளம்.
கைகாட்டுகிறேன்:
ஒவ்வொன்றாக,
மெதுவாக,
அவசரமே இல்லை.
இன்று பட்டன் பக்கமே போகவில்லை.
ஊக்கு போதும்.